முப்பத்தேழு ஒட்டுகள்

இந்த நகரத்தில் பேருந்தில் உட்கார்ந்து போன எல்லோரும் என் வீட்டுக்காரரின் தையல் மேல்தான் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். நின்றுகொண்டு போனவர்களுக்கு நான் பொறுப்பில்லை. பணிமனையில் இருக்கை தைக்கும் பிரிவில் அவர் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தார். கிழிந்த இருக்கையோடு உள்ளே வந்த வண்டி இவர் கைபட்டு வெளியே போனால், அதே இடத்தில் மறுபடி கிழிந்ததாக வரலாறு கிடையாது.

நான் குடிநீர் அலுவலகத்தில் தட்டச்சு அடித்து ஓய்வுபெற்றவள். சட்டையில் பொத்தான் அறுந்தால் ஊசியைத் தேடாமல் வேறு சட்டையைத் தேடுகிற ரகம். ஆகவே நான் இங்கே சொல்லப்போவதைத் தொழில் தெரிந்தவள் சொல்லும் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிரே உட்கார்ந்து எட்டு வாரம் வேடிக்கை பார்த்தவள் சொல்வது, அவ்வளவுதான். குறை சொல்லுவதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையிலிருந்து நின்ற புதிதில் மனிதர் என் உயிரை வாங்கினார். அலமாரியை அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து உயர வாரியாக மறுபடி அடுக்கினார். சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் எண் எழுதி ஒட்டினார். சர்க்கரையைக் காணோமே என்றால் கூடத்திலிருந்து "பதினாலு" என்று குரல் வரும். இவரை எங்கேயாவது வேலைக்கு அனுப்பித் தொலைக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், ஒரு நாள் காலை டீயைக் குடித்து முடித்துவிட்டு வாயைத் திறந்தார்.

"வருஷக் கடைசி லீவுக்கு மூணு பேரும் வர்றாங்கல்ல. ஆளுக்கு ஒரு பஞ்சுப் போர்வை தைக்கப் போறேன். அவங்கவங்க சின்ன வயசுத் துணியிலேயே."

எங்களுக்குப் பிள்ளைகள் மூன்று. முதலில் பெரியவள். மூன்று வருடம் கழித்து நடுவள். அதற்கும் நான்கு வருடம் கழித்துச் சின்னவன். மூவரும் மூன்று ஊர்களில் வேலையும் குடும்பமுமாக இருக்கிறார்கள். ஆண்டிறுதி விடுமுறைக்கு மட்டும் நான்கு நாள் வீட்டுக்கு வருவார்கள்.

பெரியவளுக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கத் தெரியும். சின்னவனுக்குக் கேட்காமலே எடுத்துக்கொள்ளத் தெரியும். நடுவளுக்கு இரண்டும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வார்த்தை: "பரவாயில்லம்மா." போன விடுமுறைக்கு அறைகளை மற்ற இருவரும் பிடித்துக்கொள்ள, இவள் கூடத்தில் பாய் விரித்தாள். கேட்டால் பரவாயில்லம்மா. சாப்பாட்டில் கடைசியாக உட்கார்ந்து மிச்சம் மீதியைச் சாப்பிட்டாள். அப்போதும் பரவாயில்லம்மா. பத்து வயதில் ஒரே ஒரு முறை அவள் வேறு மாதிரி பேசியிருக்கிறாள். பள்ளிச் சீருடையின் கழுத்துப் பட்டைக்குள் அழியாத மையில் பிள்ளையின் பெயரை எழுதி அனுப்ப வேண்டும். நான் பெரியவளின் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் இவள் பெயரை எழுதினேன். அதைப் பார்த்தவள், "அடிக்காத சட்டை எனக்கு எப்பம்மா வரும்?" என்று கேட்டாள். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று நான் ஓடினேன். பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்டதில்லை.

இருபத்து மூன்று வருடமாக அந்தக் கேள்வி எனக்குள் முள்ளாகக் கிடக்கிறது. அவள் "பரவாயில்லை" என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத ஒரு பொருளை, ஒரே ஒரு பொருளையாவது, அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். போர்வை என்று இவர் சொன்னதும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

பரணிலிருந்து இரண்டு பெரிய பெட்டிகளை இறக்கினோம். துவைத்து மடித்த துணியை நான் எறிய மாட்டேன். ஆனால் வெட்டித் துண்டாகிப்போன துணியை ஒரு நாள்கூட வீட்டில் வைத்திருக்க மாட்டேன். என்னுடைய இந்தச் சுத்தம்தான் பின்னால் எங்கள் காலை வாரியது.

வேலை பணிமனை ஒழுங்கில் நடந்தது. பழைய வண்டி முதலில். அதாவது பெரியவள் முதலில். ஒரு வண்டி வெளியே போகாமல் அடுத்த வண்டியின் கதவைத் திறக்கக் கூடாது. இவர் ஒவ்வொரு துணியாகத் தூக்கிக் காட்டி, "இது யாருக்கு வாங்கினது?" என்று கேட்பார். எனக்கு ஞாபகசக்தி அதிகம். கடை உட்பட நினைவிருக்கும். "பெரியவளுக்கு" என்பேன். மஞ்சள் கவுன், பெரியவளுக்கு. பூப்போட்ட கவுன், பெரியவளுக்கு. சாம்பல் நிறப் பள்ளிப் பாவாடை, அதுவும் பெரியவளுக்கு. கேள்வி கேட்டவருக்கும் உறைக்கவில்லை, பதில் சொன்னவளுக்கும் உறைக்கவில்லை.

பிறகு வெட்டு. அதிலும் ஒரு பணிமனைச் சட்டம் உண்டு. பழைய உறையிலிருந்து துணி எடுக்கும்போது ஒட்டுப்போட்ட இடத்தைத் தவிர்த்து வெட்ட வேண்டும், ஏனென்றால் அது ஏற்கெனவே ஒரு முறை கிழிந்த இடம். முழங்கால் பக்கம், முழங்கை, பின்பக்கம் என்று அந்தத் துணிகளில் நிறைய ஒட்டுகள் இருந்தன. பணிமனைப் பழக்கத்தில், என்ன ஒட்டு என்றுகூடப் பார்க்காமல், அவற்றைச் சுற்றி ஒதுக்கி வெட்டி ஒரு பையில் போட்டார். போர்வை முடிந்த அன்று நான் அந்தப் பையைக் கொண்டுபோய்த் தெருமுனையில் இருக்கும் இருசக்கர வண்டி மெக்கானிக்கிடம் கை துடைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் கிரீஸ்தான்.

பெரியவளின் போர்வையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. துண்டுகளை ஓரம் பிசகாமல் சேர்த்து ஒரு பெரிய பரப்பாக்கி, அடியில் ஒரே துணியை விரித்து, நடுவில் பஞ்சைப் பரப்பி, மூன்றையும் முதலில் நீள நீளமாகத் தற்காலிகத் தையல் போட்டுப் பிடித்துக்கொண்டார். அப்புறம் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்ன ஓட்டுத்தையல். தையல் இயந்திரத்தைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். தடித்த தோலிலும் ரெக்சினிலும் வளைந்த ஊசியைக் குத்தி எடுத்த கை அது. விரல்கள் ஸ்பானர் போல இருக்கும். அந்தக் கையில் மெல்லிய ஊசியைப் பார்க்கும்போது முதல் இரண்டு நாள் எனக்குச் சிரிப்பாக இருந்தது. மூன்றாம் நாள் நான் ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல். இரண்டடி தள்ளி இன்னோர் இடத்தில் வைத்தேன். அங்கும் எட்டு. அளவுகோலைப் பேசாமல் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன். வெயில் இருக்கும்வரைதான் தைப்பார். விளக்கு வெளிச்சத்தில் தைத்தால் நூலின் நிறம் பொய் சொல்லும் என்பார்.

மூன்று வாரத்தில் முதல் போர்வை முடிந்தது. அடுத்த வண்டிக்கு வந்தார். நான் சமையலறையில் இருந்தேன்.

"நடுவளோடது எந்தப் பெட்டில இருக்கு?"

"அதுலதான் இருக்கும். நல்லாப் பாருங்க."

"இதுல இருக்கிறது எல்லாம் கால்சட்டையும் சட்டையும்தான். சின்னவனோடது."

பார்க்கத் தெரியாத மனிதர் என்று முணுமுணுத்துக்கொண்டே போய், நானே பெட்டிக்குள் கையை விட்டேன். அடிவரைக்கும் துழாவினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடுவளுக்கென்று நாங்கள் எதையும் வாங்கியதே இல்லை. அவள் போட்டதெல்லாம் பெரியவளுக்கு வாங்கியது. அதை முழுக்க வெட்டிப் பெரியவளின் போர்வையில் தைத்தாகிவிட்டது. சின்னவன் பையனாகப் பிறந்ததால் அவனுக்கு எல்லாம் புதிது. இடையில் ஒருத்தி எட்டு வயது, பத்து வயது, பன்னிரண்டு வயது என்று இந்த வீட்டில் வளர்ந்திருக்கிறாள். அதற்கு அடையாளமாக ஒரு முழத் துணி இல்லை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவர் எதிரே நின்றார். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அன்று மாலை நான் ஒரு யோசனை சொன்னேன். நல்ல கடையாகப் பார்த்து, உயர்ந்த புதுத்துணியாக வாங்கி, அவளுக்கு மட்டும் முழுக்கப் புதிதாகத் தைத்துவிடலாம். எப்போதும் பழையதே கிடைத்தவளுக்குப் புதிது கிடைக்கட்டும். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"மத்த ரெண்டு பேருக்கும் இந்த வீட்டுல வளர்ந்த துணி. அவளுக்குக் கடைத்துணி. அப்ப அவ மட்டும் இங்க வளரலையா?"

ஒரு தடவையாவது இவர் வாயில் நல்ல வார்த்தை வராதா என்று எரிச்சல்கூட வந்தது. எரிச்சல் வந்ததற்குக் காரணம் அவர் சொன்னது சரி என்பதுதான்.

நடுவளின் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, சட்டத்தை மீறிச் சின்னவனின் போர்வையை எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் ஒரு பேச்சு இல்லாமல் தைத்தார். எனக்குப் பயமாகக்கூட இருந்தது. சின்னவனின் போர்வையும் முடிந்தது, பார்க்கப் பிரமாதமாக இருந்தது, அதைப் பார்த்து இருவருக்கும் சந்தோஷமில்லை. விடுமுறைக்குப் பதினேழு நாள் இருந்தது.

அன்று முன்மதியம் பெரியவளின் போர்வையை வெயில் காட்டக் கொடியில் போட்டிருந்தோம். இவர் அதன் ஓரத்தைச் சரிசெய்யப் போனவர், ஒரு மஞ்சள் துண்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நான் கிட்டப்போய்ப் பார்த்தேன். துண்டின் ஒரு ஓரத்தில் ஊசி குத்திய துளைகள் வரிசையாக இருந்தன. நூல் இல்லை, துளைகள் மட்டும். அங்குலத்துக்கு எட்டு.

"இது என் தையல். இங்க ஒரு ஒட்டு இருந்துச்சு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பெரியவ என்னைக்காவது துணியைக் கிழிச்சிருக்காளா?" என்று கேட்டார்.

இல்லை. பெரியவள் நாற்காலியில் உட்காரும்போதே கவுனை இழுத்து நேராக்கிக்கொண்டு உட்காரும் பெண். கிழித்ததெல்லாம் நடுவள். சுவர் கண்ட இடத்தில் ஏறுவாள், வேலி கண்ட இடத்தில் நுழைவாள். ஒரு வாரத்துக்கு ஒரு முழங்கால் என்ற கணக்கில் கிழிப்பாள். அந்த ஒட்டுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. பஸ் சீட்டைப் பிடுங்கி ஒட்டினது மாதிரி இருக்கிறதே என்று நான் கேலிகூடச் செய்திருக்கிறேன். அது பஸ் சீட் துணியேதான் என்று அன்றுதான் இவர் சொன்னார். நாற்பது வருடத் திருமணத்தில் இவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஸ்கூல் விட்டு நேரா என்கிட்டதான் வருவா. கிழிச்சுக்கிட்டுத்தான் வருவா. வீட்டுக்குப் போனா நீ திட்டுவேன்னு பயம். சீட்டுக்குப் புதுத் துணி ஆர்டர் குடுத்து முடிச்சதும், துண்டுத் துண்டா மாதிரித் துணி ஒட்டியிருக்கிற சாம்பிள் புஸ்தகத்தைத் தூக்கிப் போட்டுருவாங்க. அதை நான் எடுத்து வச்சிருப்பேன். மடியில வச்சுக்கிட்டு ஒவ்வொரு துணியாத் தடவிப் பார்ப்பா. சில நாள் அரை மணி நேரம் ஆகும். நான் அவசரப்படுத்த மாட்டேன். அவ காட்டுற துணியை வெட்டித்தான் ஒட்டுப் போடுவேன். புதுத் துணியில, அவளே பார்த்து, அவளுக்குன்னு எடுத்தது அது மட்டும்தானே."

சொல்லிவிட்டு, "அந்த வெட்டுத்துணிப் பை எங்க?" என்று கேட்டார்.

கிரீஸிடம் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். நான் கதவைச் சும்மா சாத்திவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

கிரீஸ் ஒரு வண்டியின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பவளை இப்போதுதான் பார்க்கிறார் போலும்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. நீங்க குடுத்ததுல பாதித் துணி எண்ணெயே இழுக்கல. தடியா, வழவழன்னு இருக்கு. கை துடைச்சா கை இன்னும் கறுப்பாகுது. அதான் தனியாத் தூக்கிப் போட்டுட்டேன்."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் என் பொருள் மட்டம் என்று சொல்லி, அதைக் கேட்டு நான் மகிழ்ந்தேன். அந்த மட்டமான துணிகள் கடையின் பின்பக்கம் ஒரு தகர டப்பாவில் கிடந்தன. இவர் அந்த டப்பாவைத் தரையில் கவிழ்த்து, அதன் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு துணிகள் பெட்ரோல் டேங்க் கீறாமல் இருக்க அணை கொடுத்திருந்தன. ஒன்று ஆடுகிற ஸ்டூலின் காலுக்கு அடியில் இருந்தது. கிரீஸே ஸ்டூலைத் தூக்கி எடுத்துக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு முழுக்க ஆடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து இவர் ஒரு தாளில் பட்டியல் எழுதினார். எந்தத் துணி, எந்த இடம், எப்படிக் கிழிந்தது. நீலக்கோடு, இடது முழங்கால், பள்ளிச் சுவர். பச்சைக் கட்டம், வலது முழங்கை, சைக்கிள். ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. என் ஞாபகசக்தியைப் பற்றி மேலே பெருமை பேசினேன் அல்லவா, அதை இந்த இடத்தில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நான் எதை யாருக்கு வாங்கினேன் என்று நினைவு வைத்திருந்தேன். இவர் எந்தப் பிள்ளை எங்கே விழுந்தது என்று நினைவு வைத்திருந்தார்.

பட்டியலில் முப்பத்தேழு. கிடைத்தவை முப்பத்தாறு. சிவப்பில் கறுப்புப் புள்ளி போட்ட ஒன்று மட்டும் இல்லை. அவள் ஆறு வயதில் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்தது. கிரீஸ் கடையை மறுநாளும் அதற்கு மறுநாளும் போய்த் துழாவினோம். கிடைக்கவில்லை. கடைசிவரை கிடைக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தைப்பதில் நான் சூனியம். ஆனால் அழுக்கெடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. முப்பத்தாறையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சோப்பு நீரில் கசக்கி, வெந்நீரில் அலசி, மறுபடி சோப்பு போட்டு, மூன்று நாள் என் விரல் நுனியெல்லாம் வெந்துபோனது. பச்சைக் கட்டத்தில் மட்டும் கிரீஸின் கட்டைவிரல் ரேகை போகவே மாட்டேன் என்றது. இருக்கட்டும், அதுவும் பட்ட அடிதானே என்று இவர் அதை வாங்கிக்கொண்டார். பிறகு நான் கடைக்குப் போனேன். ஒட்டுகளைத் தாங்க அடித்தளமாக ஒரு துணி வேண்டும். கருநீலத்தில், தொட்டால் விட மனம் வராத ஒரு துணியைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைக்காரர் பொறுமை இழந்தார். இழக்கட்டும். நடுவளுக்கென்று நான் வாங்கிய முதல் துணி அது.

பழைய துணியிலிருந்து பிரித்தெடுத்த ஒட்டுகளை இவர் ஒரே அளவாக வெட்டவில்லை. வட்டம் வட்டமாகவே, சதுரம் சதுரமாகவே இருந்தது. கிழிசலின் வடிவத்துக்கு அன்று என்ன வெட்டினாரோ அதே வடிவம். கருநீலத்தின் மேல் பரப்பி வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க நகர்த்திக்கொண்டிருந்தார். முழங்கால் ஒட்டுகள் கீழே, முழங்கைகள் பக்கவாட்டில், தோள்பட்டை மேலே. கடைசியில் தைக்க ஆரம்பித்தபோது, சீட் துணியின் தடிமனில் மெல்லிய ஊசி இரண்டு முறை ஒடிந்தது. எழுந்து போய்ப் பரணிலிருந்து தன் பழைய கருவிப் பையை எடுத்துவந்தார். வளைந்த ஊசி, மெழுகு நூல், விரலுக்கு மாட்டும் இரும்பு அங்குஸ்தான். அந்த வளைந்த ஊசியால், அந்த மெழுகு நூலால், பழைய துளைகள் எங்கே இருந்தனவோ அதே துளைகளில் ஊசியை விட்டுத் தைத்தார். ஒரு துளை தவறவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரரைக் கண்டு எனக்குப் பெருமையாக இருந்தது. இதை அவர் எதிரில் சொன்னதில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

சிவப்பு ஒட்டுக்கு உரிய இடத்தை அவர் காலியாகவே விட்டார். அதன் வடிவத்தை மட்டும் கருநீலத்தின் மேல் சிவப்பு நூலால் ஒரு சுற்றுத் தைத்தார்.

பிள்ளைகள் வந்து சேர்ந்த அன்றும் ஓரத் தையல் ஒரு முழம் பாக்கி இருந்தது. மறுநாள் காலை, எல்லோரும் எழுவதற்குள் வெயில் வந்ததும் முடித்தார். அதற்குப் பிறகு என் வேலை. அந்தக் காலத்து மாதிரியே ஓர் அழியாத மைப் பேனா வாங்கி வைத்திருந்தேன். போர்வையின் ஒரு மூலையைத் திருப்பி, உள்பக்கத்தில் நடுவளின் பெயரை எழுதினேன். அது மட்டும்தான், அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. எழுத்து திருத்தமாக வந்தது.

காலை டீ முடிந்ததும் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். முதலில் பெரியவளுக்குக் கொடுத்தார். அவள் ஒவ்வொரு துண்டாகக் காட்டி இது அந்தக் கவுன், இது அந்தப் பாவாடை என்று பாடம் நடத்தினாள். நடுவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். தானும் போட்டு வளர்ந்த துணி அது. "ரொம்ப நல்லா இருக்குக்கா" என்றாள். மனதாரத்தான் சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்துச் சின்னவன். அவன் அதைப் போர்த்திக்கொண்டு கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றினான். நடுவளின் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வார்த்தையை வாயில் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்து மூன்று வருடப் பழக்கம்.

இவர் உள்ளே போய் எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார்.

பிரித்தாள். ஒரு நிமிடம் அவளுக்குப் புரியவில்லை. நீலக்கோட்டின் மேல் விரல் போனது. அப்புறம் பச்சைக் கட்டம். அப்புறம் இரண்டு கையாலும் தடவ ஆரம்பித்தாள், கண் தெரியாதவர்கள் தடவுவது போல. "பஸ் சீட்டு" என்று மெதுவாகச் சொன்னாள். "அப்பா, இது சாம்பிள் புஸ்தகம்." இவர் தலையை மட்டும் அசைத்தார். மூலையைத் திருப்பினாள். தன் பெயரைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் கட்டைவிரலால் ஒரு முறை தேய்த்தாள், அடித்த கோடு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவதுபோல. பிறகு என்னைப் பார்த்தாள். நான் வேறு எங்கோ பார்த்தேன்.

பெரியவளுக்குக் கண் நடுவளின் போர்வை மேலேயே இருந்தது. அவளுடைய வழக்கம்தான். "நல்லாருக்கே இது. நீ என்னோடத எடுத்துக்கோ, இதை எனக்குத் தா" என்றாள். அந்த வீட்டில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை. பொருள்கள் அப்படித்தான் கைமாறி வந்திருக்கின்றன.

"தர மாட்டேன்க்கா" என்றாள் நடுவள்.

பெரியவள் அசந்துபோனாள். அப்படியென்றால் தனக்கும் இதே மாதிரி ஒன்று தைத்துத் தர வேண்டும் என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "நீ எங்கம்மா கிழிச்ச?" என்று இவர் கேட்டதும் சின்னவன் உருண்டு சிரித்தான்.

நடுவள் சிரிக்கவில்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணி, சிவப்பு நூல் சுற்றிய வெற்றிடத்தில் கையை வைத்தாள்.

"சிவப்பு எங்கப்பா? கறுப்புப் புள்ளி போட்டது?"

என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு வராது. நான்தான் சொன்னேன். பழைய துணி என்று நினைத்து மெக்கானிக் கடையில் கை துடைக்கக் கொடுத்துவிட்டேன், மற்றதெல்லாம் கிடைத்தது, அது மட்டும் கிடைக்கவில்லை. சொல்லிவிட்டு, அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். பரவாயில்லம்மா. எவ்வளவு பெரிய தப்புக்கும் அவள் எனக்குக் கொடுக்கும் மன்னிப்பு அதுதான்.

"ஏம்மா குடுத்தே?" என்றாள். குரல் உயர்ந்திருந்தது. "அது என்னோடது. என்னைக் கேட்காம எப்படிம்மா குடுப்பே? நான் முதமுதலா எடுத்தது அது. அன்னைக்கு எவ்வளவு நேரம் பார்த்து எடுத்தேன் தெரியுமா?"

சின்னவன் போர்வையை முகத்திலிருந்து இறக்கிப் பார்த்தான். அவன் பிறந்ததிலிருந்து சின்னக்கா சத்தம் போட்டுக் கேட்டதில்லை.

"தப்புதான்" என்றேன் நான். "உன்னைக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்" என்று அவளும் சொன்னாள். எழுந்தாள். போர்வையை மடித்து, யாரிடமும் கொடுக்காமல், தானே தோளில் போட்டுக்கொண்டாள். "கடை எங்க இருக்கு? வா, காட்டு. நானே தேடிப் பார்க்கிறேன்."

கடை தெருமுனையில்தான் இருக்கிறது, நடந்தால் ஐந்து நிமிடம். நான் முன்னால் நடக்க, அவள் பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தாள். சிவப்புத் துணியில் ஆரம்பித்து, கழுத்துப் பட்டையில் அடித்த பெயருக்குப் போய், கூடத்தில் விரித்த பாய்வரைக்கும் வந்தாள். நான் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. கிரீஸ் கடையின் கதவு தெரிந்ததும் நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.